கதவருகே கேட்கப்படும் சொல்: சகோதர சங்கங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

மதுரையில் எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் ஆண்டுப் பாடங்களைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சில காலமாக என்னிடம் இருக்கிறது. கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர், கல்லூரி ஆசிரியர், உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடும் இளம் வழக்கறிஞர், திருமங்கலத்திலிருந்து வந்துபோகும் பொறியாளர் எனப் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். ஆனால் அவர்கள் அனைவரும் ஏதாவது ஒரு மாலையில், கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கும் நேரத்தில், தயங்கித் தயங்கி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “அண்ணே, வாயிலில் கேட்கும் அந்தக் கடவுச்சொல்லை நான் இணையத்திலேயே பார்த்துவிட்டேன். ஊருக்கே தெரிந்ததை எதற்காக இவ்வளவு பொத்திப் பொத்திக் காக்க வேண்டும்?”

நியாயமான கேள்வி இது. இதற்கு விடை தெரியாமல் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் விரைவிலேயே வருவதை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் சேர நினைப்பவரும் அண்மையில் சேர்ந்தவரும் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். எந்தச் சங்கத்தின் சொல்லும் இக்கட்டுரையில் இருக்காது. சொல்லை எழுதாமலே அதன் பொருளை விளக்க முடியும்.

முதற்படி: எந்தச் சங்கம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நம் ஊரில் ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களை எல்லோரும் அறிவார்கள். அவற்றில் கடவுச்சொல் கிடையாது, கதவுக் காவலரும் கிடையாது. விருந்தினராக யாரும் போய் அமரலாம். சடங்கோடு உறுப்பினரைச் சேர்த்து, படிப்படியாகப் பாடம் தந்து, அந்தந்தப் படிக்கு உரிய சொல்லையும் சைகையையும் கொடுப்பவை சகோதர சங்கங்கள். ஃப்ரீமேசன், ஆட்ஃபெல்லோஸ், நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ், மது விலக்குக்காகத் தோன்றிய குட் டெம்ப்ளர்ஸ் ஆகியவை உலகம் அறிந்த சில பெயர்கள். இந்தியாவில் பரவலாக இருப்பது ஃப்ரீமேசன் சங்கமே. ஆற்காடு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1775 வாக்கில் திருச்சிராப்பள்ளியில் அதில் சேர்க்கப்பட்டார். விவேகானந்தர் துறவு பூணுவதற்கு முன் 1884ல் கல்கத்தாவில் சேர்ந்தார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளின் தலைமைக்குக் கீழ் இயங்கிய இந்திய லாட்ஜுகளில் பெரும்பகுதி, 1961 நவம்பர் 24 அன்று அமைக்கப்பட்ட கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா என்ற தலைமை அமைப்பின் கீழ் வந்தன. அச்சங்கம் ஆண்களுக்கானது. பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் இணை மேசன் மரபு தனியே உண்டு. அன்னி பெசன்ட் 1902ல் பாரிஸில் அதில் சேர்ந்து, பின்னர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. மதுரையில் லாட்ஜ் என்றால் டவுன் ஹால் ரோட்டுத் தங்கும் விடுதிகள்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். சகோதர சங்கத்தில் லாட்ஜ் என்பது உறுப்பினர்கள் கூடும் கிளைக்கும் அது கூடும் இடத்துக்கும் பெயர். பழங்காலக் கல்தச்சர்கள் வேலை நடக்கும் இடத்தை ஒட்டிப் போட்டுக்கொண்ட கொட்டகையின் பெயரிலிருந்து வந்தது அது. வீட்டில் “லாட்ஜுக்குப் போய் வருகிறேன்” என்று சொல்லத் தொடங்கும் முன், இதை வீட்டாருக்கு விளக்கிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: சொல் எதற்காக உண்டானது என்பதை அறியுங்கள்

கல்தச்சர் ஊர் ஊராகப் போய் வேலை தேடிய காலத்தில் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை. புதிதாக ஒருவன் வந்து, “நான் முறையாகக் கற்றவன், எனக்குத் தேர்ந்தவனுக்கு உரிய கூலி வேண்டும்” என்றால், அதை எப்படி நம்புவது? அவன் செதுக்கிக் காட்டும் வரை காத்திருக்கலாம். அதற்குள் நல்ல கல் ஒன்று வீணாகியிருக்கும். முறையாகக் கற்றவனுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட ஒரு சொல் இருந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஸ்காட்லாந்தில் இதற்கு ‘மேசன் சொல்’ என்றே பெயர் இருந்தது; மேசன் என்றால் கல்தச்சர். பெர்த் நகரத்தைப் பற்றி 1638ல் அச்சான ஒரு கவிதையிலேயே அது குறிப்பிடப்படுகிறது. ஆக, உலகை ஆளும் மந்திரத்தை ஒளித்துவைக்கும் வேலையை அந்தச் சொல் ஒருநாளும் செய்யவில்லை. முகம் தெரியாத ஊரில் ஒரு தொழிலாளியின் கூலிக்கும் அவனுடைய உழைப்பின் மதிப்புக்கும் உத்தரவாதமாக அது பிறந்தது.

இதை நம் மரபோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுவேன். நன்னூல் தகுதி வழக்கில் ஒன்றாகக் குழூஉக்குறியை வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப் பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டுகள். ஆனால் குழூஉக்குறியும் கடவுச்சொல்லும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். குழூஉக்குறி பேச்சின் பொருளைப் பிறரிடமிருந்து மறைக்கிறது. எதிரே வாடிக்கையாளர் நிற்கும்போதே தங்கத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள அது உதவுகிறது. கடவுச்சொல்லோ எந்தப் பொருளையும் மறைப்பதில்லை. சொல்பவர் யார் என்பதை மட்டும் காட்டுகிறது. அதன் அகராதிப் பொருள் என்ன என்பதைவிட, அது யார் கையால் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதே முக்கியம்.

இன்னும் நெருக்கமான உவமை வேண்டுமானால் மாட்டுச் சந்தையைப் பாருங்கள். இன்று பேருந்து நிலையமாக நாம் அறியும் மாட்டுத்தாவணி, பெயரிலேயே மாட்டுச் சந்தையைச் சுமந்துகொண்டிருக்கிறது. சந்தையில் தரகர்கள் தோளில் கிடக்கும் துண்டைக் கையின்மேல் போட்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி இருபது பேர் நிற்க, துண்டுக்கு உள்ளே என்ன நடந்தது என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். எந்த விரலுக்கு என்ன மதிப்பு என்பது அப்படியொன்றும் பெரிய ரகசியம் அல்ல. சந்தைக்குப் பத்து நாள் போய்வந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கைப்பிடியில் சொன்ன விலையிலிருந்து பின்வாங்கிய தரகரிடம் மறு சந்தையில் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். சகோதர சங்கத்தின் கைப்பிடியும் சொல்லும் நிற்பது இதே தளத்தில்தான்.

மூன்றாம் படி: சொல்லின் வகைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

நிலையான சொல் ஒருவகை. ஒவ்வொரு படியிலும் உறுப்பினருக்குத் தரப்படுவது அது. தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது. ஃப்ரீமேசன் மரபில் மூன்று படிகள் உண்டு: பயிலுநர், கைவினைஞர், தலைத்தச்சர் என்று தமிழில் சொல்லலாம். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகிறவரிடம், அவர் அதற்குத் தகுதி பெற்றதைக் காட்டும் பொருட்டு வாயிலில் கேட்கப்படும் கடவுச்சொல் வேறு. அந்தப் படிக்குள் அவருக்கு உரிமையாகும் சொல் வேறு. முதல் மாதங்களில் இரண்டையும் மாற்றிச் சொல்பவர்கள் அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலச்சொல் மற்றொரு வகை. ஆட்ஃபெல்லோஸ் சங்கத்தில் பயணச்சொல் என்று ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை தலைமையகத்திலிருந்து வரும். குட் டெம்ப்ளர்ஸ் சங்கத்தில் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறியது. நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ் சங்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 1867ல் அமெரிக்க விவசாயிகளுக்காகத் தொடங்கப்பட்ட கிரேஞ்ச் சங்கத்திலும் ஆண்டுச்சொல் உண்டு. இந்தச் சொல் சந்தாவைச் செலுத்தி முடித்தவருக்கே தரப்படும். ஆகையால் அதைச் சொல்ல முடிந்தாலே பாக்கியில்லாத உறுப்பினர் என்று பொருள். நோய்க்காலத்தில் உதவித்தொகையும் இறந்தால் அடக்கச் செலவும் சங்கமே கொடுத்த அந்த நாட்களில், வெளியூரில் வேலை தேடிப் போன தொழிலாளிக்குப் பயணச்சொல் என்பது ஏறக்குறைய இன்றைய காப்பீட்டு அட்டை. அந்தச் சொல்லைச் சந்தா கட்டாதவனிடம் சொல்லிவிடுவது, பொதுப் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுப்பதற்குச் சமமாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை.

நான்காம் படி: ‘ஊருக்கே தெரியுமே’ என்ற கேள்வியை எதிர்கொள்ளுங்கள்

இந்தப் படியில் சற்று நிதானமாக நிற்க வேண்டும்.

லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜ் 1717ல் கூடியது. பதின்மூன்றே ஆண்டுகளில், 1730ல், சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சடங்குகளையும் சொற்களையும் வெட்டவெளிச்சமாக்கிய ஒரு சிறுநூலை அச்சிட்டு விற்றார்; அது பலமுறை மறுபதிப்பானது. வெளியாட்கள் உள்ளே நுழைவதைத் தடுக்க, கிராண்ட் லாட்ஜ் முதல் இரண்டு படிகளின் சொற்களை இடம் மாற்றியது. அந்த மாற்றத்தை ஏற்காதவர்கள், ‘பழைய முறையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று குற்றம் சாட்டினார்கள். வேறு பல காரணங்களும் சேர்ந்து இங்கிலாந்தில் இரண்டு கிராண்ட் லாட்ஜுகள் எதிரெதிரே இயங்கி, 1813ல்தான் ஒன்றுபட்டன. இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: சொல் வெளியே போனதால் சங்கம் அழியவில்லை, வெளியே போனதற்காகச் சொல்லை மாற்றியதுதான் வீட்டுக்குள் பிளவுக்கு ஒரு காரணமானது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக அச்சில் கிடைக்கும் ஒன்றை, இன்று கைபேசியில் கண்டுபிடித்ததாக யாரும் பெருமைப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் காப்பது எதை? நம் பக்கத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே இருக்கும் திருக்கோஷ்டியூருக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்துவந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் இராமாநுசர் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைப் பெற்றார் என்பதும், வெளியே சொன்னால் நரகம் என்று எச்சரிக்கப்பட்டும், ‘நான் ஒருவன் நரகம் போனாலும் இவர்கள் அனைவரும் உய்வார்களே’ என்று கோயிலின் மேலேறி எல்லோருக்கும் சொன்னார் என்பதும் வைணவ மரபு. அந்த வரலாற்றைச் சொல்லி, “இராமாநுசரே ரகசியத்தை உடைத்தாரே, நாம் ஏன் காக்க வேண்டும்?” என்று ஒருமுறை ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

முதலாவது, அவர் உடைத்தது பிறருடைய உய்வுக்காக. அதற்கான தண்டனையைத் தம் தலையில் ஏற்கத் துணிந்துதான் உடைத்தார். ஒரு லாட்ஜின் சொல் தெரியாததால் உலகில் யாருக்கும் எந்த நன்மையும் தடைபடவில்லை. அதை வெளியிடுவதால் யாரும் கரையேறப் போவதும் இல்லை. இரண்டாவது, நான் முக்கியமாகக் கருதுவது: அந்த எட்டெழுத்து இன்று கோயில் சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது, ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது. ஆயினும் வைணவர்கள் ஆசாரியரிடம் சென்று பஞ்ச சம்ஸ்காரம் என்னும் தீட்சை செய்துகொள்ளும்போது, ஏற்கெனவே தெரிந்த அதே மந்திரத்தை உபதேசமாகக் கேட்டுப் பெறுகிறார்கள். தெரிந்துகொள்வது ஒன்று, பெற்றுக்கொள்வது வேறொன்று. பெற்றுக்கொள்ளும்போது கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு முன் கொடுத்தவர்களின் வரிசை இருக்கிறது, கேட்பவரின் உறுதிமொழி இருக்கிறது. அந்த உறுதிமொழியை எந்த இணையப் பக்கமும் வெளியிட முடியாது. சங்கம் உங்களிடம் சொல்லை ஒப்படைக்கிறது என்பதைவிட, மிகச் சிறிய ஒன்றை ஒப்படைத்து, அதை வைத்து உங்களைச் சோதித்துப் பார்க்கிறது என்பதே சரி. ஊருக்குத் தெரிந்த ஒரு சொல்லைக்கூட வாக்குக் கொடுத்த காரணத்துக்காக வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்தவரிடம், ஒரு சகோதரர் தம் கடன் தொல்லையையோ குடும்பத் துயரத்தையோ நம்பிச் சொல்லலாம் அல்லவா? நான் இந்தச் சங்கத்தில் இத்தனை காலம் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

ஐந்தாம் படி: சொல்லைப் பெறுவதும் மனத்தில் நிறுத்துவதும்

சேரும் நாளில் பதற்றம் இருக்கும். சொல் உங்களுக்கு மெதுவான குரலில், ஒருமுறைக்கு மேல் சொல்லப்படும். புரியவில்லை என்றால் அங்கேயே மீண்டும் கேளுங்கள். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடுவது மிகப் பெரிய தவறு, ஏனெனில் அங்கே கிடைப்பது வேறு நாட்டின், வேறு முறையின் சொல்லாக இருக்க வாய்ப்புண்டு.

உச்சரிப்பைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். இச்சொற்களில் பல எபிரேய மொழியிலிருந்து வந்தவை. நம் நாவுக்குப் பழக்கமில்லாதவை. பைபிளில் நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் ஆற்றின் துறைகளைக் கைப்பற்றிய கீலேயாத்தியர், தப்பி ஓடும் எப்பிராயீமரை அடையாளம் காண ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்கள். ‘சிபோலேத்’ என்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அவ்வாறு மடிந்தவர்கள் 42,000 பேர் என்று அந்நூல் கூறுகிறது. கதிர் என்ற பொருள்படும் எளிய சொல் ஒன்று அன்று உயிரைக் குடித்தது. நம் பக்கத்தில் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்பவர்களை அந்த ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சகோதர சங்கத்தில் கடவுச்சொல் நாக்கைச் சோதிப்பதற்கு அல்ல. ஷகரம் வராவிட்டால் வராமல் போகட்டும்; எந்தக் காவலரும் அதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார். பகவத்கீதை, குர்ஆன், பைபிள் எனப் பல மதங்களின் மறைநூல்களையும் ஒரே மேடையில் வைத்து நடத்தப்படும் இந்திய லாட்ஜில், ஒலி வேற்றுமையை வைத்து ஆளைப் பிரிப்பது அந்த மேடைக்கே பொருந்தாது.

எழுதி வைக்காதீர்கள். காகிதத்திலும் வேண்டாம், கைபேசியிலும் வேண்டாம், உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தியாகவும் வேண்டாம். நான் சேர்ந்த முதல் மாதத்தில் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒரு பேருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைக்கும் முன் என் மனைவி அதை எடுத்துப் பத்திரமாக மேசைமேல் வைத்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன் என்பதுதான் வெகு நாள் என்னை உறுத்தியது. மனப்பாடத்துக்கு நான் கண்ட வழி எளியது: காலை நடையின்போது, தனியாக, உதடு அசையாமல், சடங்கின் அந்தப் பகுதி முழுவதையும் நினைத்துப் பார்த்து, சொல் வரும் இடத்தில் ஒரு கணம் நிற்பது. தெப்பக்குளத்தை நான்கு சுற்றுச் சுற்றினால் ஒரு பாடம் முடியும். சொல்லைத் தனியே பிடுங்கி மனப்பாடம் செய்தால் மறக்கும். அது நிற்கும் வாக்கியங்களோடு சேர்த்து நினைத்தால் நிற்கும்.

ஆறாம் படி: சொல்லிக் காட்டும் முறை

சொல் கேட்கப்பட்டதும் அதை முழுதாக உரக்கச் சொல்லிவிடக் கூடாது என்பது பல மரபுகளில் முதல் பாடம். கேட்பவரும் சொல்பவரும் அதை எழுத்தெழுத்தாகவோ பாதி பாதியாகவோ பகிர்ந்துகொள்வார்கள். பயிற்சிக்காக நான் உள்ளூர்ச் சொற்களைப் பயன்படுத்துவேன். ‘வைகை’ என்பது சொல்லானால், ஒருவர் ‘வை’ என்பார், மற்றவர் ‘கை’ என்பார். ‘மல்லிகை’ என்றால் ஒருவர் ‘ம’, மற்றவர் ‘ல்’, மீண்டும் முதலாமவர் ‘லி’, மற்றவர் ‘கை’. பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த முறைக்குள் நுட்பம் இருக்கிறது. சோதிப்பவரும் சோதிக்கப்படுகிறார், உண்மையில் அறியாத ஒருவர் அதிகாரத்தோடு கேட்டு உங்கள் வாயிலிருந்து முழுச் சொல்லையும் பிடுங்கிவிட முடியாது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி எண்ணைக் கேட்பவரிடம் முழுதாக ஒப்புவித்துப் பணத்தை இழக்கிறார்களே, அவர்களுக்கு இந்தப் பழைய கல்தச்சர் பாடம் எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதையும் அறிந்திருங்கள். கூட்டம் நடக்கும் நேரத்தில் வெளிக் காவலர், உள் காவலர், தலைவர் அல்லது அவர் அமர்த்தியவர் கேட்கலாம். தேநீர்க் கடையில், திருமண வீட்டுப் பந்தியில், “நீங்களும் நம்ம ஆள்தானே, சொல்லுங்கள் பார்ப்போம்” என்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் விடை சொல்ல வேண்டியதில்லை. “கூட்டத்தில் சொல்கிறேன் ஐயா” என்று பணிவாகச் சொல்லி நகர்ந்துவிடலாம்.

வெளியூர் லாட்ஜுக்கு விருந்தினராகப் போகும்போது சொல் மட்டும் போதாது. உங்கள் தலைமை லாட்ஜ் தந்த சான்றிதழ், சந்தா ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அங்கே உங்களை அறிந்த உறுப்பினர் ஒருவர் இருந்தால் அவர் பொறுப்பேற்றுச் சாட்சி சொல்வார். இல்லாவிட்டால் ஓரிருவர் தனியறையில் உங்களைக் கேட்டுச் சோதிப்பார்கள். சென்னைக்கோ கொச்சிக்கோ போவதானால், முன்கூட்டியே உங்கள் செயலாளர் மூலம் தகவல் அனுப்பிவிடுங்கள்.

ஏழாம் படி: வீட்டிலும் வெளியிலும் என்ன சொல்லலாம்

ரகசியம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றையும் மறைக்கத் தொடங்குபவர்கள் உண்டு. அது தேவையற்றது, குடும்பத்தில் சந்தேகத்தை மட்டுமே வளர்க்கும். நீங்கள் உறுப்பினர் என்பது ரகசியமல்ல. கூட்டம் எங்கே, எப்போது, எவ்வளவு சந்தா, என்ன தருமம் செய்கிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பவை எவையும் ரகசியமல்ல. ஒருவரை ஒருவர் அடையாளம் காணப் பயன்படும் சொல், சைகை, கைப்பிடி ஆகியவையே காக்கப்படுபவை. இன்னொரு சகோதரர் தம் சொந்தத் துன்பமாக உங்களிடம் சொன்னதும் அதில் சேரும். வீட்டில் நேராக இப்படிச் சொல்லுங்கள்: “எனக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது ஒன்றைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேள்.” பேருந்துச் சீட்டு விவகாரத்துக்குப் பிறகு நான் என் மனைவியிடம் சொன்னதும் இதுவே, அதற்கு மேல் அவர் கேட்கவும் இல்லை, நான் ஒளிக்கவும் இல்லை.

உறுதிமொழியில் கொடூரமான தண்டனைகள் உண்டு என்று கேள்விப்பட்டு அஞ்சுபவர்களுக்கு: அவை பழங்காலக் குறியீட்டு வாசகங்கள், யார்மீதும் நிறைவேற்றுவதற்கானவை அல்ல. இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் 1986ல் அவற்றை உறுதிமொழியிலிருந்தே எடுத்துவிட்டது. உண்மையில் வரலாற்றில் உறுதிமொழிக்காகத் துன்பப்பட்டவர்கள் அதை எடுத்துக்கொண்ட எளியவர்களே. 1834ல் இங்கிலாந்தின் டால்படில் கிராமத்தில், கூலிக் குறைப்பை எதிர்த்து நட்புறவுச் சங்கம் அமைத்த ஆறு விவசாயத் தொழிலாளிகள், ரகசிய உறுதிமொழி எடுக்கவைத்த குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். இந்தியாவில் சங்கம் சேரும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. அவர்கள் அனுபவித்ததை எண்ணும்போது அந்த உரிமையின் அருமை புரியும்.

அதே நேரம், எந்தச் சங்க உறுதிமொழியும் குற்றத்தை மறைக்க உங்களைக் கட்டுப்படுத்தாது. ‘சகோதரர் செய்ததைக் காவல்துறையிடம் சொல்லக் கூடாது’ என்று யாராவது கூறினால், அவர் பாடத்தைப் புரட்டிச் சொல்கிறார் என்று கொள்ளுங்கள். அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள்.

பணம் பறிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இல்லுமினாட்டியில் சேருங்கள், கார் கிடைக்கும், கோடிகள் கிடைக்கும்’ என்று கைபேசிக்கு வரும் செய்திகள் எல்லாம் மோசடி. உண்மையான சகோதர சங்கம் முகம் பார்க்காமல் யாரையும் சேர்ப்பதில்லை. உங்களை அறிந்த இருவர் முன்மொழிய வேண்டும், நேரில் சந்திப்பு நடக்க வேண்டும், உறுப்பினர்கள் ரகசியமாக வாக்களிக்க வேண்டும், மாதங்கள் ஆகும். நேரில் பார்க்கும் முன்பே பணம் கேட்டால், அல்லது ‘ரகசியக் கடவுச்சொல்லை’ விலைக்குத் தருவதாகச் சொன்னால், அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

இறுதியாக: மறந்துவிட்டால்

மறதி வரும். வாயிலில் மூன்று தட்டுக் கேட்டு, கதவு திறந்து, காவலர் உங்கள் முகத்தைப் பார்க்கும் அந்த நொடியில் எல்லாம் வெறுமையாகிவிடும். அப்போது ஊகித்து ஏதாவது சொல்லாதீர்கள். “மறந்துவிட்டேன்” என்று சொல்லுங்கள். உங்களுக்கு மீண்டும் நினைவூட்டுவதற்கு முறை இருக்கிறது. துணைக்கு நிற்பவரும் இருக்கிறார்.

எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவருக்குக் கடைசி ஆண்டுகளில் நினைவு மெல்ல மெல்ல அகன்றது. மகன் அவரை ஆட்டோவில் அழைத்துவந்து வாசலில் விட்டுப் போவார். ஒரு மாலை, கூட்டம் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தவர், கதவருகே நின்று வெகு நேரம் யோசித்தார், சொல் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அன்று காவல் நின்றவர் சேர்ந்து இரண்டே ஆண்டான இளைஞர்; முதல் படிப் பாடத்தை அதே பெரியவரிடம் கற்றவர். அவர் உள்ளே திரும்பி, விதிப்படி, தெளிவான குரலில் அறிவித்தார்: “வாயிலில் நிற்பவர் ஒரு சகோதரர். அவருக்கு நான் சாட்சி.” பிறகு பெரியவரின் கையைப் பிடித்து, அவருடைய வழக்கமான நாற்காலிவரை அழைத்துப் போய் அமர்த்தினார்.